பாதிப் பூட்டு

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் நானே டைப் அடித்து ஒட்டியது. லாரித் தொழிலில் தினம் புழங்கும் இருபத்திரண்டு சொற்களும் அவற்றின் பொருளும் அதில் உண்டு. டெட்ஹெட் என்றால் லோடு இல்லாமல் காலி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு திரும்புவது. பாப்டெயில் என்றால் ட்ரெய்லரே இல்லாமல் இன்ஜின் உள்ள தலைவண்டி மட்டும் தனியாக ஓடுவது. எங்கள் டிரைவர்கள் அதை மொட்டை வண்டி என்பார்கள். பதினேழாவதாக இருப்பது பாதிப் பூட்டு.

"ட்ரெய்லரின் அடியில் உள்ள இரும்பு முளை, தலைவண்டியின் பூட்டுத் தாடைக்குள் போயிருக்கும். தாடை முழுதாக மூடியிருக்காது. பார்க்கப் பூட்டியது போலவே இருக்கும். சமதளத்தில் ஓடவும் செய்யும். மேட்டில் கழன்றுகொள்ளும்."

கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டவளும் நான்தான். தாளின் அடியில் இரண்டு விதிகள். ஒன்று, டிரைவர் ட்ரெய்லர் மாட்டும்போது யாரும் அவரைக் கூப்பிடக்கூடாது. இரண்டு, வண்டி ஓடும்போது போன் எடுக்கக்கூடாது. கீழே டிஸ்பேட்ச் பொறுப்பாளர் என்று என் கையெழுத்து; எந்த வண்டி எங்கே போவது என்று எழுதி அனுப்புகிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும், பாவம் அவளுக்குத் தெரியாது என்று எனக்காகப் பரிந்துகொண்டு வர வேண்டாம்.

அன்று காலை என் வீட்டுக்காரருக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் ட்ரிப். மழையில் ஒரு சரிவில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்து, முதுகில் ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் படுக்கையிலும் மீதி நாள் நாற்காலியிலுமாக இருந்தவர். டாக்டர் ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. மனிதர் கிளம்புவதாகத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பேச்சும் குறைந்துபோனது. என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பார். ஒன்றுமில்லை என்று சொல்கிறவர்களை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர். "இன்னும் ரெண்டு வாரம் யார்டுலயே இருக்கட்டுமேம்மா, எங்கயும் போக வேண்டாம்" என்றார். நான்தான் ஒரே பிடியாக நின்றேன். ஸ்டியரிங்கைத் தொட்டால் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அன்றைய ட்ரிப் ஷீட்டில் அவர் பெயரை என் கையால் எழுதினேன். காகித உருளைகள், இருபத்திநாலு டன், ஊருக்கு வெளியே உள்ள மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் அச்சகத்துக்கு. வீட்டில் போய்ச் சொன்னபோது, "சரி" என்றார். சரி என்ற அந்த ஒரு சொல்லைச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

ட்ரெய்லர் மாட்டுவதில் எங்கள் யார்டில் ஒரு வரிசை உண்டு. தலைவண்டி இல்லாதபோது ட்ரெய்லர் முன்பக்கம் இரண்டு இரும்புக் கால்களில் நிற்கும். டிரைவர் தலைவண்டியைப் பின்னால் தள்ளி அடியில் நுழைப்பார். முளை தாடைக்குள் விழும். உடனே இறங்கிவிடக்கூடாது. ட்ரெய்லரின் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்னால் இரண்டு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு டார்ச்சோடு அடியில் குனிந்து தாடை மூடியிருக்கிறதா, பக்கத்துக் கைப்பிடி முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இரும்புக் கால்களைச் சுற்றி மேலே தூக்குவது. அதனால் கால் மேலே இருந்தால் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் யார்டில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அன்று பத்தரை மணிக்கு ஆபீஸ் நாற்காலியில் அவருடைய இடுப்புப் பட்டை கிடந்ததைப் பார்த்தேன். டாக்டர் படித்துப் படித்துச் சொன்ன பட்டை. அதை மறந்துவிட்டு வண்டி மாட்டப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. யார்டு மைக்கை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

"ஆபீஸுக்கு ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க!"

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலைவண்டியை அப்போதுதான் உள்ளே நுழைத்திருந்தார். இறங்கி, எவ்வளவு வேகமாக வந்தார் தெரியுமா? ஐந்து வாரமாக வீட்டுக்குள் கால் தேய்த்து நடந்த மனிதர், ஏறக்குறைய ஓடி வந்தார். வந்து கதவருகே நின்று என் முகத்தையே பார்த்தார்.

"என்னம்மா?"

"என்னவா? இதை யாரு கட்டிக்கறது, நானா?" என்று பட்டையைத் தூக்கிக் காட்டினேன். கிளார்க் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், நானே பட்டையைக் கட்டிவிட்டேன். இழுத்து இறுக்கிக் கட்டினேன். ஏதோ சொல்ல வந்தவர் போல வாயைத் திறந்தார்.

"நேரமாச்சு, கிளம்புங்க" என்றேன்.

போய்விட்டார். பத்து நாற்பதுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது. நான் ஷீட்டில் டிக் அடித்தேன்.

பதினொன்றேகாலுக்கு யார்டுக்காரர் டீ குடிக்க உள்ளே வந்தார். யார்டில் ட்ரெய்லர்களை இங்கும் அங்கும் நகர்த்தி வைக்கும் வேலை அவருடையது. இருபது வருஷ சர்வீஸ், இளகிய மனது. டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னார்:

"இன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஒரு உதவி பண்ணிட்டேன் தங்கச்சி. முதுகு வலியோட அந்தக் காலைச் சுத்தணுமேன்னு, அவர் ஆபீஸுக்கு வந்த நேரத்துல நானே சுத்தித் தூக்கி விட்டுட்டேன்."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றது.

"இழுத்துப் பாத்தீங்களா அண்ணே?"

"நானா? நான் எதுக்கு? அவர் இழுத்துப் பாத்துட்டுத்தானே இறங்கியிருப்பாரு."

"அவர் பாக்கல. நுழைச்ச உடனே நான் கூப்பிட்டேன்."

"சரி, திரும்பி வந்து பாத்திருப்பாரு."

"கால் மேல இருந்தா யாரு அண்ணே பாப்பாங்க?"

யார்டுக்காரர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. மெதுவாக டம்ளரை மேஜையில் வைத்தார்.

பூட்டு நன்றாகவே விழுந்திருக்கலாம். பத்துக்கு ஒன்பது தடவை விழத்தான் செய்யும். ஆனால் அவருடைய அந்தத் தலைவண்டி எட்டு மாதமாக யாரும் சரியாக ஓட்டாமல் நின்றது. தாடையில் கிரீஸ் காய்ந்து கிடந்தால் பாதியில் மாட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். பதினேழாம் சொல்லை எழுதியவள் ஆயிற்றே.

போனை எடுத்து அவரை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அழைத்தேன். அடித்து நின்றது. வண்டி கிளம்பினால் போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார், எங்காவது நிறுத்தினால்தான் எடுப்பார். விபத்துக்கு முன்பே அப்படித்தான். ஆபீஸிலேயே விதியை மதிக்கிற ஒரே டிரைவர் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்ததுண்டு. அன்று அந்தப் பெருமையை நினைத்து என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் திரையில் வண்டிகள் எல்லாம் புள்ளிகளாகத் தெரியும். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி நகரும். அவர் புள்ளி கிடங்குகள் நிறைந்த நேர் சாலையில் இருந்தது. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சமதளம். ஒரு ரயில்வே பாலம். அதைத் தாண்டினால் மேடு தொடங்கும். மேட்டில் தலைவண்டி முக்கி இழுக்கும்போதுதான் முளை நழுவும். தலைவண்டி முன்னால் பாய, இருபத்திநாலு டன் பின்னால் உருண்டு வரும். பின்னால் யார் வருவார்கள் என்பது அவரவர் தலைவிதி. ஸ்கூல் வேன் வரலாம், ஸ்கூட்டரில் புருஷன் பெண்டாட்டி வரலாம். அவரோ கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஒரு விபத்தை எப்படியோ தாண்டி வந்தவர். இதற்குப் பிறகு அவர் அந்த ஜன்னலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

மேனேஜர் வந்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்தது. "மேட்டுல யாராவது நம்ம ஆளு இருக்கானா?" என்றார்.

திரையைத் தேடினேன். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வண்டி ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. ட்ரெய்லரை அங்கே விட்டுவிட்டு மொட்டையாகத் திரும்புகிற வண்டி. ஓட்டுகிறவனை நாங்கள் ரேடியோ என்போம். தூக்கத்திலும் பேசுவான் என்று அவன் பெண்டாட்டியே சொல்லியிருக்கிறாள். ஓட்டும்போது போனில் அரட்டை அடித்ததற்காக இரண்டு முறை எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன். மூன்றாவது கடிதம் என் டிராயரில் தயாராக இருந்தது.

முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா! சத்தியமா நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டுத்தான்…"

"வாயை மூடுடா! நீ ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கன்னு எனக்குத் தெரியும். நல்லவேளை ஓட்டிக்கிட்டே எடுத்த. நான் சொல்றதைக் கேளு."

சொன்னேன். என் வீட்டுக்காரர் மேட்டை நோக்கி வருகிறார், ட்ரெய்லர் பாதிப் பூட்டாக இருக்கலாம், மேடு ஏறுமுன் நிறுத்த வேண்டும்.

"எதிர்ல பாத்த உடனே லைட் அடிச்சு நிறுத்திடறேன் அக்கா."

"நிறுத்தினா மட்டும் போதாது. நிறுத்தும்போது ஒண்ணும் ஆகாது, ட்ரெய்லர் முன்னாடிதான் தள்ளும். மறுபடி எடுக்கறப்போதான் கழலும். ஓரங்கட்டறேன்னு அவர் ஒரு அடி நகத்தக்கூடாது. நடு ரோட்டுல நின்னாலும் அங்கயே நிக்கணும். புரியுதா?"

"புரியுது அக்கா."

"பேசிக்கிட்டு இருக்காத, போ."

அவன் போனை வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன்தான் முதலில் வைத்தான்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. உட்கார்ந்திருந்தோம். புள்ளி நகர்ந்தது, பாலத்துக்கு நான்கு கிலோமீட்டர். கிளார்க் பெண்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். யார்டுக்காரர் சுவரோரம் நின்று, "உதவிதானே பண்ணேன், உதவிதானே பண்ணேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"உங்களை யாரு அண்ணே உதவி கேட்டா? இருபது வருஷமா வேலை பாக்கறீங்க, பாக்காம காலைத் தூக்கலாமா?" என்று கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதிலுக்கு, நீ ஏன் கூப்பிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சுவரில் என் கையெழுத்து போட்ட தாள் அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது.

புள்ளி நகர்ந்தது. பாலத்தின் மேல். ரேடியோவின் புள்ளி மேட்டின் பாதியில். நான் மறுபடியும் அவர் போனை அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் போன் தனியாக அலறிக்கொண்டிருப்பதை நினைத்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த நான்கு நிமிடம் போயிற்று.

புள்ளி நகர்ந்தது. பாலம் தாண்டி, மேட்டின் அடியில். ரேடியோவின் புள்ளியும் ஏறக்குறைய அங்கேயே.

அடுத்த நான்கு நிமிடத்தில் இரண்டு புள்ளிகளும் நகரவில்லை.

நின்றுவிட்டது. ஆனால் எதனால் நின்றது? ரேடியோ கை காட்டி நிறுத்தினாலும் புள்ளி நிற்கும். ட்ரெய்லர் கழன்று உருண்டாலும் நிற்கும். திரைக்கு இரண்டும் ஒன்றுதான். ரேடியோவை அழைத்தேன், எடுக்கவில்லை. எப்போதும் முதல் மணியில் எடுப்பவன் எடுக்கவில்லை. மேனேஜர் ஆம்புலன்ஸ் எண்ணைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளை நான் பார்த்துவிடக்கூடாது என்று கையால் மறைத்துக்கொண்டார், நான் பார்த்துவிட்டேன்.

ஏழு நிமிடம் கழித்துப் போன் அடித்தது. ரேடியோ.

"அக்கா, நிறுத்திட்டேன். குறுக்க போய் நின்னுட்டேன் அக்கா, வேற வழி தெரியல. அண்ணன் என்னைக் கெட்ட வார்த்தைல திட்டிட்டாரு."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் திட்டினாரா? எட்டு மாதமாக ஒரு பூனையைக்கூட அதட்டாத மனிதர்.

"அவர் எங்க இப்போ?"

"ட்ரெய்லருக்கு அடியில படுத்துப் பாத்துட்டு இருக்காரு. பின்னாடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டோம்."

"என்ன தெரியுது?"

ரேடியோ பேசவில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை.

"சொல்லுடா."

"கைப்பிடி ரெண்டு விரல் அளவு வெளியே நிக்குது அக்கா. தாடை பாதிதான் மூடியிருக்கு. மேடு இங்கேருந்து நூறடிகூட இல்ல."

பக்கத்தில் யார்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளார்க் பெண் ஒருத்தி அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். பாதி சேலையில் கொட்டியது.

அரை மணி நேரம் ஆயிற்று. கால்களை இறக்கி, தலைவண்டியை உருவி, தாடையில் இருந்த காய்ந்த கிரீஸைச் சுரண்டி, மறுபடி நுழைத்தார்களாம். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்களாம். இரண்டு பேரும் டார்ச்சோடு தனித்தனியாகப் பார்த்தார்களாம். ரேடியோ ஒவ்வொன்றாக எனக்கு வர்ணித்தான். பிறகு, "அண்ணன் பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தான்.

"ம்" என்றார்.

நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "என் தப்புங்க" என்றேன். "மாட்டும்போது கூப்பிடக்கூடாதுன்னு நானே எழுதி ஒட்டிட்டு, நானே கூப்பிட்டேன். ஒரு பட்டைக்காக."

"நானும் திரும்பி வந்து பாத்திருக்கணும்" என்றார். "கால் மேல இருந்துச்சு. மனசு சரியில்ல, ஏறி உக்காந்துட்டேன்."

"மனசுக்கு என்ன?"

அந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"நீ மைக்ல கூப்பிட்டப்போ," என்றார் மெதுவாக, "இன்னிக்குப் போக வேண்டாம்னு நீ சொல்லப் போறன்னு நினைச்சேன். அதான் அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன்."

கதவருகே நின்று என் முகத்தைப் பார்த்த அந்த முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் பட்டையைத் தூக்கிக் காட்டி, நாலு பேர் சிரிக்கும்படி பேசினேன்.

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ பேரை எழுதிட்டு வந்து அவ்வளவு சந்தோஷமாச் சொன்ன. எப்படிச் சொல்றது?"

அழுகை வந்தது, அழுதேன். மேனேஜர் பக்கத்தில் இருக்கிறாரே என்றுகூட நினைக்கவில்லை.

போனில் என் வீட்டுக்காரர் கேட்டார். "இப்போ சரியாப் பூட்டிடுச்சு. நீ டிஸ்பேட்ச், நீயே சொல்லு. போகவா, வரவா?"

மேனேஜரைப் பார்த்தேன். அவர் ட்ரிப் ஷீட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்க" என்றேன்.

"லோடு?"

"ரேடியோ மொட்டையாத்தானே வர்றான். ட்ரெய்லரை அவன் மாட்டிக்கிட்டுத் திரும்பிப் போகட்டும். கழட்டிக் கொடுத்துட்டு நீங்க மொட்டையா வாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்குப் பாத்துக்கலாம். நீங்க சொல்ற அன்னிக்குப் பேரை எழுதறேன்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நெடுநாளாக உள்ளேயே வைத்திருந்த மூச்சு.

"பட்டையை ரொம்ப இறுக்கிக் கட்டிட்டம்மா" என்றார். "கைக்கு அவிழ்க்க வரல."

"வாங்க, நான் அவிழ்த்து விடறேன்."

ஷீட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு ரேடியோவின் பெயரை எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில், "டிஸ்பேட்ச் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யார்டுக்காரரிடம் போய், "கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க அண்ணே, கூப்பிட்டது நான்தான்" என்றேன். டிராயரில் இருந்த மூன்றாவது எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. தேதியை மட்டும் எழுதாமல் திரும்ப உள்ளே வைத்தேன்.

பிறகு நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் ஆனது. புள்ளி பாலத்தின் மேல், இந்தப் பக்கம் பார்த்து வந்துகொண்டிருந்தது.